ராத்திரியில் புரூஃப் பார்க்காதீர்கள்

சிவகாசியில் தினக் காலண்டர் அடிக்கும் அச்சகம் ஒன்றில் புரூஃப் பார்ப்பது என் வேலை. திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம் என்று தாளுக்குத் தாள் பொடி எழுத்தில் தகவல். வருடத்துக்கு 365 தாள். இருபது வருடமாகப் பிழை தேடியே பழகிய கண் இது.

இரண்டு வருடத்துக்கு முன், ஆடி மாதம் ஒரு நாள், மெஷின்மேன் அண்ணாச்சி ஈரம் காயாத தாளோடு என் மேஜைக்கு வந்தார்.

"தம்பி, புதன்கிழமைக்கு ராகு காலம் மூணுல இருந்து நாலரையா?"

செவ்வாய்க்கிழமையின் ராகு காலம் புதனில் வந்து உட்கார்ந்திருந்தது. புதனுக்குப் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை என்பதை நான் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அந்தத் தூக்கம்தான் இல்லை. முந்தைய ஒன்பது ராத்திரிகளில் நான் உருப்படியாகத் தூங்கியது இரண்டு.

காரணம் எனக்கு மட்டும் தெரியும். மனச்சோர்வுக்கு இரண்டரை வருடமாகச் சாப்பிட்டுவந்த மாத்திரையை யாரிடமும் கேட்காமல் நிறுத்தியிருந்தேன்.

நானே செய்த வினை

எஸ்சிடலோபிராம், 10 மில்லிகிராம், தினம் ஒன்று. அப்பா போன பிறகு படுக்கையை விட்டு எழவே முடியாமல் கிடந்த என்னை மீட்டுக் கொண்டுவந்த மாத்திரை அது. நன்றாக வேலை செய்ததுதான் வினையாயிற்று. 'நல்லாத்தானே இருக்கோம், இன்னும் எதுக்கு?' என்று தோன்றியது. அட்டை தீர்ந்தது, புது அட்டை வாங்கவில்லை.

மூன்றாம் நாள், கண்ணைச் சட்டென்று திருப்பினால் தலைக்குள் கரண்ட் அடித்ததுபோல ஒரு சுரீர். கூடவே கிறுகிறுப்பு. ராத்திரி ஒன்றரைக்கு விழிப்பு வந்தால் அதோடு சரி. கொஞ்சம் கண்ணயர்ந்தாலும் கலர் கலராகக் கனவு. இந்த வகை மாத்திரைகள் கனவுத் தூக்கத்தை அமுக்கி வைத்திருக்குமாம். நிறுத்தியதும் அது பாக்கியை வட்டியோடு வசூலிக்கும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

ஆறாம் நாள் சொந்தக்காரர் ஒருவர், தனக்கு எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையில் நான்கைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். இரண்டு ராத்திரி கட்டைபோலத் தூங்கினேன். அடுத்த நாள் காலை பல்கூடத் தேய்க்காமல், மீதி இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு, தீர்ந்துபோனால் அவரிடம் என்ன சாக்குச் சொல்லிக் கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த யோசனைதான் என்னைப் பயமுறுத்தியது. ராகு காலம் இடம் மாறிய மறுநாள், டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்தேன்.

பழைய நோயா, மாத்திரை விலகலா?

"நோய் திரும்பிருச்சா மேடம்?" என்பதுதான் என் முதல் கேள்வி. அவர் திட்டவில்லை. "நிறுத்தி எத்தனை நாள்ல ஆரம்பிச்சுது? தலைக்குள்ள சுரீர்னு இருந்துச்சா?" என்று கேட்டார்.

அவர் விளக்கியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். மனச்சோர்வு திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல வரும். மனசில்தான் முதலில் கனம் ஏறும். மாத்திரை விலகும் கோளாறு சில நாளிலேயே வரும். கிறுகிறுப்பு, குமட்டல், தலைச் சுரீர் என்று உடம்பும் சேர்ந்து பேசும். எஸ்சிடலோபிராம் ரத்தத்தில் பாதியாகக் குறையச் சுமார் 30 மணி நேரம். வென்லாஃபாக்சின் சில மணி நேரத்தில் குறையும். அதை விட்டவர்களுக்கு மறுநாளே ஆட்டம் காணும். ஃபுளுவாக்செட்டின் நாள்கணக்கில் தங்கி மெல்லப் போவதால் தொல்லை பொதுவாகக் குறைவு.

மறுபடி பழைய அளவில் ஆரம்பித்தோம். ஒரே வாரத்தில் சுரீரும் போயிற்று, தூக்கமும் திரும்பியது. அந்த வேகமே, வந்தது எது என்பதற்குச் சாட்சி.

கடைசிப் படிதான் உயரம்

நிறுத்த ஆசைப்பட்டது தப்பில்லை, குதித்ததுதான் தப்பு என்றார் டாக்டரம்மா. பத்திலிருந்து ஐந்துக்கு வந்தால் மூளையில் மருந்தின் பிடி பாதியாகக் குறைவதில்லை, கொஞ்சம்தான் குறைகிறது. கடைசி ஒன்றிரண்டு மில்லிகிராமில்தான் பெரும் சரிவு. லண்டன் ஆய்வாளர்கள் மார்க் ஹோரோவிட்ஸும் டேவிட் டெய்லரும் 2019இல் 'லான்செட் சைக்யாட்ரி' இதழில் எழுதியது இதைத்தான். மேல் படிகள் குட்டை, கீழே வர வர உயரம் என்று ஒரு மாடிப்படி இருந்தால் எப்படி இறங்குவோம்? அப்படித்தான் இறங்கினேன்.

பொங்கல் கழிந்து, சீசன் ஓய்ந்த தை மாதம் ஆரம்பித்தோம். 10, ஏழரை, 5, இரண்டரை. மாத்திரை வெட்டும் சின்ன டப்பா ஒன்று வாங்கிக்கொண்டேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடலாமா என்று கேட்டேன். ரத்தத்தில் அளவு ஊஞ்சல் ஆடும், வேண்டாம் என்றார். ஆடி 18 அன்று எங்கள் ஊரில் காலண்டர் ஆல்பம் வெளியாகும். அதற்குப் பிறகு மார்கழிவரை மூச்சு விட நேரம் இருக்காது. அந்த மாதங்களில் இரண்டரையிலேயே நின்றேன். அடுத்த தையில் ஒன்றேகால். வைகாசியில் பூஜ்யம்.

இவ்வளவு நிதானமாக இறங்கியும் கடைசிப் படியில் தூக்கம் தடுக்கியது. ஐந்து வாரம். ஆனால் இந்த முறை என் கையில் சில பிடிகள் இருந்தன.

எனக்குக் கைகொடுத்தவை

*எழும் நேரத்தைக் கட்டிப்போட்டேன்.* எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலை ஐந்தரைக்கு எழுந்துவிடுவேன், ஞாயிறு உட்பட. எழுந்ததும் வெளிச்சத்தில் அரை மணி நேரம் நடை. தூக்கத்தை வரவழைப்பது நம் கையில் இல்லை. எழுவது நம் கையில் இருக்கிறது.

*படுக்கும் நேரத்தைக் குறைத்தேன்.* முதல் தடவை, விட்ட தூக்கத்தைப் பிடிக்க ஒன்பது மணிக்கே படுத்துப் புரண்டேன். இந்தத் தடவை பன்னிரண்டுக்கு முன் படுக்கைப் பக்கம் போகவில்லை. ஐந்து மணி நேரம் தூங்குகிறவன் எட்டு மணி நேரம் கிடந்தால் மூன்று மணி நேரம் கவலைக்குத்தான் போகும். தூக்கம் ஒட்டிவர ஆரம்பித்ததும் வாரம் கால் மணி நேரம் முன்னால் நகர்த்தினேன். 1987இல் ஆர்தர் ஸ்பீல்மன் வகுத்த முறை இது. இப்படிப் பழக்கத்தைத் திருத்தும் சிகிச்சையைத்தான், நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. ஒரு எச்சரிக்கை: வலிப்பு, இருமுனைக் கோளாறு உள்ளவர்களும், வண்டி ஓட்டுகிறவர்களும் மெஷினில் நிற்கிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். ஐந்து மணி நேரத்துக்குக் கீழே யாரும் குறைக்க வேண்டாம்.

*தூக்கம் வராவிட்டால் எழுந்துவிட்டேன்.* முதலில் அந்த நேரத்தில் புரூஃப் கட்டை எடுத்துப் பார்த்தேன். பெரிய தப்பு, பிழை தேடத் தேடக் கண் பளிச்சென்று விழித்துக்கொண்டது. பிறகு கண்டுபிடித்த வேலை பூண்டு உரிப்பது. சமையலறைத் தரை, ஒரு சுளகு, சின்ன மஞ்சள் பல்பு. நகத்தால் அடியைக் கிள்ளி, தோலைச் சரசரவென்று இழுத்து, பல்லைக் கிண்ணத்தில் போட வேண்டும். சுவாரசியம் எதுவும் கிடையாது. அதுதான் அதன் சிறப்பு. இருபது, முப்பது பல்லுக்குள் கண் சொருகும். உடனே போய்ப் படுப்பேன். மூன்றாவது வாரம் என் மனைவி, "என்னங்க, ரசத்துக்கும் ஊறுகாய்க்கும் போக ஒரு டப்பா நிறைஞ்சிருச்சு, இனி வெங்காயம் உரிங்க" என்றாள். வெங்காயம் சரிப்படவில்லை, கண் எரிந்தது.

*சாயங்காலத் தேநீரை விட்டேன்.* காபி, டீயில் உள்ள காஃபின் பாதி குறையவே ஐந்து மணி நேரம்போல ஆகும். அச்சகத்தில் ஐந்து மணி டீ என்பது சடங்கு. அதே டம்ளரில் சுக்குமல்லி வாங்கிக் குடித்தேன், கம்பெனி குறையவில்லை. குடித்தால் தூக்கம் வரும் என்று சொல்லி ஒரு நண்பர் வேறொன்றுக்குக் கூப்பிட்டார். அது முன்னிரவில் அமுக்கி, பின்னிரவில் எழுப்பிவிடும். போகவில்லை.

*வீட்டில் சொல்லிவைத்தேன்.* முதல் தடவை என் எரிச்சலுக்குக் காரணம் தெரியாமல் பிள்ளைகள் ஒதுங்கிப்போனார்கள். இந்தத் தடவை, "ஒரு மாசம் அப்பா கொஞ்சம் சிடுசிடுப்பேன்" என்று முன்கூட்டியே சொன்னதில் பாதிச் சுமை இறங்கியது. அத்தை ஜாதிக்காய்ப் பொடி கலந்த பால் கொடுத்தார். மரியாதைக்கு இரண்டு நாள் குடித்தேன். மூலிகை என்று யார் எது கொடுத்தாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மருந்தோடு மல்லுக்கு நிற்கும் மூலிகையும் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேல்

சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி வைத்தேன். செல்போனைக் கூடத்தில் விட்டேன். ஏனென்றால் என்னை வாட்டியது விழிப்பைவிட, விழிப்பில் போட்ட கணக்கு. மணி ரெண்டே கால், இப்போது தூங்கினால் மூன்றேகால் மணி நேரம், நெஞ்சு படபடக்கிறதா, நேற்றைவிட மோசமா, நோய்தானோ... பகலெல்லாம் தாளில் பிழை தேடியவன், ராத்திரி என்னையே விரித்துப்போட்டுப் பிழை தேடிக்கொண்டிருந்தேன். எந்தத் தாளும் அந்த வெளிச்சத்தில் தப்பாகத்தான் தெரியும்.

அதனால் கணக்கைக் காலைக்கு மாற்றினேன். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரே வரி: "சுமார் நாலரை. பரவாயில்லை." அதற்கு மேல் எழுதுவதில்லை. டாக்டரம்மாவுக்கு அந்தத் தாள்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். வாரத்துக்கு வாரம் ஏறியிருப்பது என்னைவிட அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

இதெல்லாம் என் உடம்புக்குப் பொருந்தியது. நான் டாக்டர் இல்லை. நிறுத்திய பிறகு மனம் நாளுக்கு நாள் இருட்டினாலோ, உயிர்மேல் வெறுப்பு எட்டிப் பார்த்தாலோ பூண்டு உரித்துக்கொண்டிருக்காதீர்கள். அன்றே டாக்டரிடம் போங்கள். அகால நேரமானால் 14416, டெலி மனஸ் இலவச எண். தமிழிலேயே பேசலாம். மறுபடி மாத்திரை ஆரம்பிக்க நேர்ந்தால் அது தோல்வியும் இல்லை. நானே ஒரு தடவை ஆரம்பித்தவன்தான்.

ஆனி மாதக் கடைசியில் ஒரு காலை, தாளைக் கிழிக்கப் போனேன். மூன்று நாள் தாள் கிழிக்காமலே தொங்கியது. மூன்று ராத்திரியும் எவ்வளவு தூங்கினேன், எப்போது விழித்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

மூன்றையும் சேர்த்துக் கிழித்து, ஒன்றும் எழுதாமல் கூடையில் போட்டேன்.