கைப்பேசிக்கு ஆயுள் பார்ப்பது

கைப்பேசி வாங்கப் புறப்படுகிறவர்கள் என்னிடம் ஆலோசனை கேட்க வரும்போது, காமிரா எத்தனை மெகாபிக்ஸல், விலையில் எவ்வளவு தள்ளுபடி, என்ன நிறம் கிடைக்கும் என்பவற்றைத்தான் பெரும்பாலும் முதலில் விசாரிக்கிறார்கள். அந்த மாடல் எந்த வருஷம் சந்தைக்கு வந்தது, அதற்குப் பாதுகாப்பு அப்டேட் எந்த வருஷம் வரையில் வரும் என்று கேட்டவர்கள் மிகச் சிலர். எனக்காகவும், உறவினருக்காகவும், அக்கம்பக்கத்தாருக்காகவும் பல வருஷங்களாக ஆண்ட்ராய்டு கருவிகளைத் தேர்ந்தெடுத்து வந்ததில் நான் கண்டு தெளிந்த விஷயம், மற்ற லட்சணங்கள் அனைத்துக்கும் முன்னதாக இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடிக்கொள்ள வேண்டும் என்பதே. வங்கிக் கணக்கும், ஆதார் விவரமும், குடும்பத்தின் புகைப்படங்களும், வைத்தியரின் சீட்டுகளும் ஒரே கருவிக்குள் குடியேறிவிட்ட இக்காலத்தில், அதன் ஆயுளை விசாரியாமல் அழகை மட்டும் பார்த்து வாங்குவது அபாயம் என்றே நான் நினைக்கிறேன்.

இதற்கு மூலகாரணம் ஆண்ட்ராய்டின் அமைப்பிலேயே இருக்கிறது. 2005-ஆம் ஆண்டில் கூகுள் வாங்கி, 2008-இல் ஹெச்.டி.சி. ட்ரீம் என்ற கருவியின் மூலம் முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்த இந்த இயங்குதளத்தை, எந்தக் கம்பெனியும் எடுத்துத் தன் கருவிக்குத் தக்கபடி மாற்றியமைத்துக்கொள்ளலாம் என்ற தாராளம்தான் அதைச் சாமானியர் கைக்கும் கொண்டு சேர்த்தது. ஆயினும் அதே தாராளத்தின் விளைவாக, கூகுள் ஒரு குறையைச் சரிசெய்து வெளியிட்ட பிறகும், அந்தத் திருத்தம் சிப் தயாரிப்பவரிடமும் கருவி தயாரிப்பவரிடமும் தங்கித் தங்கியே நம்மிடம் வந்துசேர வேண்டியிருந்தது. சிப் தயாரித்தவர் தமது பழைய சிப்புக்கு ஆதரவை நிறுத்திக்கொண்டால், கருவி தயாரித்தவர் மனம் வைத்தாலும் புதிய பதிப்பைத் தருவது துர்லபம். 2015-ஆம் ஆண்டில் ‘ஸ்டேஜ்ஃப்ரைட்’ என்ற பெயரில் அம்பலமான பிழை, ஒரு மல்டிமீடியா செய்தியை அனுப்பியே அந்நியன் ஒருவன் நம் கருவிக்குள் புகுந்துவிடக் கூடும் என்பதைப் பிரத்தியட்சமாகக் காட்டிய பிறகுதான், அவ்வாண்டு ஆகஸ்டு முதல் மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடும் வழக்கம் ஏற்பட்டது. 2017-இல் ஆண்ட்ராய்டு 8 பதிப்போடு வந்த ‘பிராஜெக்ட் ட்ரெபிள்’ என்ற ஏற்பாடு, சிப் சம்பந்தமான பகுதியை இயங்குதளத்திலிருந்து பிரித்து வைத்து, அப்டேட் தயாரிக்கும் வேலையை ஓரளவு சுலபமாக்கியது.

அதன் பலனை இன்று காண்கிறோம். 2023 அக்டோபரில் பிக்ஸல் 8-ஐ வெளியிட்ட கூகுளும், 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24-ஐ வெளியிட்ட சாம்சங்கும், ஏழு வருஷங்களுக்குப் புதிய பதிப்புகளும் பாதுகாப்புத் திருத்தங்களும் தருவதாக வாக்களித்தன. விலை குறைந்த கருவிகளுக்கு இந்த வாக்கு பொதுவாகக் குறுகியது. கம்பெனிக்குக் கம்பெனி, ஒரே கம்பெனியில் மாடலுக்கு மாடல் அது வேறுபடும். ஆனால் வாங்குகிறவர்கள் கவனியாமல் விட்டுவிடும் விஷயம், இந்த வருஷக் கணக்கு நாம் கடையில் பணம் கட்டிய நாளிலிருந்து தொடங்குவதில்லை, அந்த மாடல் முதன்முதலில் விற்பனைக்கு வந்த நாளிலிருந்தே தொடங்குகிறது என்பதாகும்.

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் என் சித்திக்காகக் கருவி பார்த்துக்கொண்டிருந்தபோது, கடைப் பையன் பிரியமாக ஒன்றை எடுத்து நீட்டி, “சார், இதுக்கு நாலு வருஷம் அப்டேட் இருக்கு. இன்னைக்கு ஆஃபர்ல நாலாயிரம் கம்மி” என்றான்.

“எப்ப வந்த மாடல், தம்பி?”

“ரெண்டு வருஷம் ஆச்சு சார். ஆனா பீஸ் புதுசு, சீல்கூட பிரிக்கல.”

அந்தப் பையன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. கேட்டதற்கு உள்ளபடியே பதில் சொன்னான். ஆனால் பிரிக்காத பெட்டிக்குள்ளேயே அந்தக் கருவியின் ஆயுளில் பாதி கழிந்துபோயிருந்தது. மருந்துப் புட்டியில் காலாவதித் தேதியைப் பார்த்த பிறகே பணம் கொடுக்கிற நாம், கைப்பேசிப் பெட்டியில் அத்தகைய தேதி அச்சிடப்படாத காரணத்தால், அதை நாமே கணக்கிட்டு அறிந்துகொள்ள வேண்டியவர்களாக இருக்கிறோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்துள்ள விதி, ஒரு மாடலின் விற்பனை நின்ற நாளிலிருந்து ஐந்து வருஷம் என்று அப்டேட்டுக்குக் கணக்கு வைக்கிறது. கடைசியாக வாங்கியவனுக்கும் நியாயம் செய்யும் அந்த முறை நம் தேசத்துக்கும் வரவேண்டும் என்பது என் மனப்பூர்வமான அபிப்பிராயம்.

அதுவரையில் நாம் செய்யக்கூடியது எளிய வகுத்தல் கணக்கு. பன்னிரண்டாயிரம் ரூபாய்க் கருவிக்கு இன்னும் இரண்டு வருஷமே அப்டேட் மிஞ்சியிருக்குமானால் அதன் விலை வருஷத்துக்கு ஆறாயிரம். இருபத்துநாலாயிரம் ரூபாய்க் கருவிக்கு ஆறு வருஷம் மிஞ்சியிருக்குமானால் வருஷத்துக்கு நாலாயிரம். மொத்தமாக இருபத்துநாலாயிரம் எடுத்து வைக்க எல்லோராலும் இயலாது என்பதை நான் அறிவேன். அத்தகையவர்கள் பன்னிரண்டாயிரத்துக்குள்ளேயே, சமீபத்தில் வெளிவந்ததும், நீண்ட வாக்கு உடையதுமான மாடலைத் தேடினால், காமிராவிலோ திரையிலோ சற்றுக் குறைந்தாலும் காலத்தில் லாபம் அடைவார்கள். கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் கருவியிலேயே செட்டிங்ஸுக்குள் சென்று, ‘போனைப் பற்றி’ என்ற பகுதியில் ஆண்ட்ராய்டு பதிப்பைத் தொட்டால், பல கருவிகளில் கடைசியாக வந்த பாதுகாப்புத் திருத்தத்தின் தேதி தெரியும். வாக்களித்தவர் வாக்கை எவ்விதம் நிறைவேற்றுகிறார் என்பதை அறிய, அதே கம்பெனியின் சற்றுப் பழைய கருவி ஒன்றை வைத்திருக்கும் நண்பரிடம் இந்தத் தேதியைக் காட்டச் சொல்லிப் பார்ப்பதைவிட நல்ல பரீட்சை வேறில்லை.

அடுத்தபடியாக ஸ்டோரேஜ். கருவி மந்தமாகிவிட்டது என்று என்னிடம் வருகிறவர்களில் அநேகருக்கு நேர்ந்திருப்பது, இடம் நிறைந்துபோனதேயன்றி வேறல்ல. ஸ்டோரேஜாக அமைந்த இந்த ஃப்ளாஷ் நினைவகம், எழுதிய இடத்தின் மேலேயே மறுபடி எழுத இயலாமல், ஒரு பகுதியை மொத்தமாக அழித்த பிறகே புதியதை எழுதிக்கொள்ளும் சுபாவமுடையது. காலியிடம் அருகிவிட்டால், இருப்பவற்றை இடம் மாற்றி மாற்றி வைப்பதிலேயே அதன் காலம் கழிகிறது. அறுபத்துநாலு ஜி.பி. என்று விற்கப்படும் கருவியில் இயங்குதளமும் உடன்வரும் ஆப்களும் முதலிலேயே தம் பங்கை எடுத்துக்கொள்வதால், குடும்பக் குழுக்களின் காலை வணக்கப் படங்களும் கல்யாண வீடியோக்களும் சேரச் சேர, மிஞ்சியது சீக்கிரமே தீர்ந்துவிடும்; ஆகவே நூற்றிருபத்தெட்டுக்குக் குறைந்ததை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. அன்றியும், யூ.எஃப்.எஸ். வகை நினைவகம் ஒரே சமயத்தில் படிக்கவும் எழுதவும் வல்லது, பழைய இ.எம்.எம்.சி. வகையோ ஒன்றை முடித்துத்தான் மற்றொன்றைச் செய்யும் என்பதால், விலை ஒத்திருந்தால் முன்னதையே நாட வேண்டும். பெட்டியின் மேல் ‘8+8’ என்று ராம் அளவைப் பெரிதாக அச்சிட்டிருந்தால், மெய்யான ராம் முதலில் உள்ள எட்டு மட்டுமே; பின்னதாக உள்ள எட்டு, ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கிய, வேகம் குறைந்த இடம்.

காமிராவைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. நூற்றியெட்டு மெகாபிக்ஸல் என்பது சாதாரணமாகப் படம் எடுக்கையில் ஒன்பது புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்துப் பன்னிரண்டு மெகாபிக்ஸல் படமாகவே வெளிவருகிறது. எண்ணிக்கைக்காகச் சேர்த்த இரண்டு மெகாபிக்ஸல் லென்ஸால் பிரயோஜனம் சொற்பம். கடைக்குள், மங்கிய வெளிச்சத்தில், நடமாடும் ஒரு மனிதரைப் படம் எடுத்துப் பார்த்தால் போதும்.

5ஜி விஷயத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை தேவை. 2022 அக்டோபரில் இந்தியாவில் அந்தச் சேவை தொடங்கியபோது, ஜியோ முழுவதும் தனித்தியங்கும் 5ஜி முறையையும், ஏர்டெல் 4ஜியைச் சார்ந்தியங்கும் முறையையும் கைக்கொண்டன. மலிவான சில கருவிகள் இவற்றில் ஒன்றை மட்டுமே அறிந்தவை. ஆகையால் நம்முடைய சிம் எதுவோ, நம் ஊரில் அந்தக் கம்பெனி எந்த முறையில் சேவை தருகிறதோ, அதற்கு இசைந்த கருவிதானா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் சித்தியிடம் எந்தக் கருவி வேண்டும் என்று கேட்டபோது, “பேசணும், பேரன் மூஞ்சியப் பாக்கணும், எழுத்து பெருசா தெரியணும், அவ்வளவுதான்டா” என்றார். முதியவர்களின் தேவையை இதைவிடத் தெளிவாக நானும் சொல்லிவிட முடியாது. 2014-இல் வந்த ஆண்ட்ராய்டு 5 பதிப்பு முதல் கருவியின் மெனு முழுவதையுமே தமிழில் வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. எழுத்தின் அளவையும் திரையில் உள்ளவற்றின் அளவையும் தனித்தனியே பெருக்கிக்கொள்ளலாம். ஆகவே முதியவருக்கு வாங்குகிறவர், கடையிலேயே தமிழை வைத்து, எழுத்தைப் பெரிதாக்கி, அவர் கையிலேயே கொடுத்து, ஒலிபெருக்கியில் ஒருவரைப் பேசவைத்துக் காட்ட வேண்டும். அவர்களுக்குத்தான் மலிவான, பழைய கருவி போதும் என்று வீட்டில் பலர் முடிவு செய்கிறார்கள். அது எனக்கு உடன்பாடல்ல. வங்கி அதிகாரி என்று சொல்லி ஏமாற்றுகிறவனின் இணைப்பை நம்பித் தொட்டுவிடக் கூடியவர்கள் கையில், பாதுகாப்பு நின்றுபோன கருவியைக் கொடுப்பது எப்படித் தகும்?

இனி, இருப்பதை எப்போது மாற்றுவது? புதிய மாடல் வந்துவிட்டது என்பது காரணமாகாது. சார்ஜ் நிற்கவில்லை என்பதும் பெரும்பாலும் காரணமாகாது. லித்தியம் பேட்டரி, வெப்பத்தாலும், எந்நேரமும் முழுச் சார்ஜில் இருப்பதாலும் விரைவில் க்ஷீணிக்கும் இயல்புடையது. பல கருவிகளில் எண்பது சதவீதத்தோடு சார்ஜை நிறுத்திக்கொள்ளும் வசதி தரப்பட்டிருப்பது இதற்காகவே. தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் செய்வதையும், வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுச் செல்வதையும் தவிர்த்தாலே அதன் ஆயுள் கணிசமாகக் கூடும். அப்படியும் தளர்ந்துவிட்டால், அப்டேட் இன்னும் வந்துகொண்டிருக்கும் கருவிக்குக் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் பேட்டரியை மாற்றிக்கொள்வது, புதுக் கருவியின் விலையில் சிறு பங்கிலேயே முடிந்துவிடும். பேட்டரி உப்பிப் பின்மூடி தூக்கிக்கொண்டு நிற்குமானால் அன்றைக்கே உபயோகத்தை நிறுத்திவிட வேண்டும். பாதுகாப்புத் திருத்தம் வருவது நின்று, அந்தக் கருவியில் பணப் பரிமாற்றமும் நடக்கிறதென்றால், பளபளப்பு மாறாத நிலையிலும் அதை மாற்றத்தான் வேண்டும்.

மாற்றும்போது அவசரப்படலாகாது. பழைய கருவியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புதியதை எடுத்து வரும் வழக்கம் பரவியிருக்கிறது. சில நாட்களாவது இரண்டும் நம்மிடம் ஒருங்கே இருப்பதுதான் க்ஷேமம். சிம்மில் பதிந்த தொலைபேசி எண்களையெல்லாம் முதலில் கூகுள் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். வாட்ஸ்அப் உரையாடல்களை, பழைய கருவியையும் புதியதையும் அருகருகே வைத்து கியூ.ஆர். குறியீட்டைக் காட்டியே நேரடியாக மாற்றிக்கொள்ள முடியும்; கூகுள் டிரைவில் சேமிப்பதாக இருந்தால், புகைப்படத்துக்கும் மின்னஞ்சலுக்குமாகச் சேர்த்து இலவசமாகக் கிடைக்கும் பதினைந்து ஜி.பி.க்குள்ளேயே அதுவும் அடங்கியாக வேண்டும். யூ.பி.ஐ. ஆப்கள், வங்கியில் பதிந்த எண்ணுள்ள சிம்மிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பியே நம்மை அடையாளம் காண்பதால், அந்த சிம் புதுக் கருவிக்குள் இருப்பதும், எஸ்.எம்.எஸ். அனுப்ப வழியிருப்பதும் அவசியம். இரட்டைச் சரிபார்ப்புக்கு ஆத்தென்டிகேட்டர் ஆப் வைத்திருப்பவர்கள், அதைப் புதியதில் இயங்கவைத்துப் பரீட்சித்த பிறகே பழையதைத் தொட வேண்டும்.

கைமாறிய கருவியை வாங்குகிறவர்களுக்கும் சில வார்த்தைகள். ஆண்ட்ராய்டு 5.1 முதல், முந்தைய உரிமையாளரின் கூகுள் கணக்கை முறைப்படி நீக்காமல் கருவியைத் துடைத்தழித்தால், அதே கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு அது பூட்டிக்கொண்டு நிற்கும்; ஆகவே விற்கிறவர் நம் கண்ணெதிரிலேயே கணக்கை நீக்கி, பிறகு ஃபேக்டரி ரீசெட் செய்து தரவேண்டும். நட்சத்திரம், ஹேஷ், பூஜ்யம், ஆறு, ஹேஷ் என்று அழுத்தினால் தெரியும் பதினைந்து இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணை, ஆங்கிலத்தில் கே.ஒய்.எம். என்ற மூன்றெழுத்தும் ஓர் இடைவெளியும் முன்னே சேர்த்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால், அது எந்தக் கம்பெனியின் எந்த மாடல் என்ற விவரம் பதிலாக வரும். மத்திய அரசின் ‘சஞ்சார் சாத்தி’ இணையதளத்திலும் இதைச் சரிபார்க்கலாம். பதிலில் உள்ள மாடலும் கையிலுள்ள கருவியும் ஒத்துப்போகாவிட்டால், அல்லது எண் தடை செய்யப்பட்டதாகத் தெரிந்தால், விலை எவ்வளவு சகாயமாக இருந்தாலும் வாங்கலாகாது.

நம்முடைய பழைய கருவியை விற்கவோ கொடுக்கவோ போகிறோமென்றால், கணக்கை நீக்கி ரீசெட் செய்யும் அதே முறையை நாமும் அனுசரிக்க வேண்டும். உதவிக்கு இருக்கட்டும் என்று வீட்டிலேயே வைப்பதானால், பாதிச் சார்ஜில் அணைத்து, வெப்பமில்லாத இடத்தில் வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து மறுபடி பாதிக்கு ஏற்றிவைப்பது நல்லது. முற்றிலும் பழுதானதைக் குப்பையோடு போடாமல், மின்கழிவு வாங்கிக்கொள்ளும் கம்பெனியின் மையத்திலோ, பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடமோ சேர்த்துவிட வேண்டும். சேர்க்குமுன் சிம்மும் மெமரி கார்டும் உள்ளேயே தங்கிவிட்டனவா என்று சிம் தட்டை ஒருமுறை வெளியே இழுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.