காவல் நிலையத்தில் வழங்கும் சில சொற்கள்

பல்லடத்தை அடுத்த ஒரு தோட்டத்தில், இரவோடு இரவாகக் கிணற்று மோட்டாரின் செம்புக் கம்பியை யாரோ அறுத்துச் சென்றுவிட்டனர் என்று வைத்துக்கொள்வோம். விடிந்ததும் தோட்டக்காரர் பஞ்சாயத்து அங்கத்தினரை அழைத்துக்கொண்டு காவல் நிலையம் செல்கிறார். மனுவைப் பெற்றுக்கொண்டு ஒரு சீட்டுக் கொடுக்கிறார்கள். ‘கேஸ் போட்டாயிற்று’ என்ற நிம்மதியுடன் இருவரும் ஊர் திரும்புகின்றனர். தவறு நேர்வது இவ்விடத்தில்தான்.

அச்சீட்டு, மனு வந்து சேர்ந்ததற்கான ரசீது மட்டுமே. நம் மாநிலத்தில் அதனை சி.எஸ்.ஆர். என்பர். வழக்குப் பதிவானதற்கு அத்தாட்சி முதல் தகவல் அறிக்கை ஒன்றே. குற்ற எண்ணும் சட்டப் பிரிவும் அதில் காணப்படும். தகவல் கொடுத்தவருக்கு அதன் நகலை இலவசமாக அளித்தல் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு இவ்வாறு விதிக்கிறது. சட்டத்தின் பெயர் நம் நாவுக்கு எளிதில் வராது. பிரிவின் எண் நினைவிலிருந்தாலே போதும்.

எல்லா மனுக்களுக்கும் இவ்வறிக்கை உண்டா எனில், இல்லை. சட்டம் குற்றங்களை இரு வகையாகப் பிரிக்கிறது. பிடியாணையின்றியே போலீஸார் கைது செய்யத்தக்கவை ஒரு வகை. பிடியாணை என்பது நம் பெரியோர் ‘வாரண்டு’ என்று சொல்லி வந்ததே. மற்ற வகையில், மாஜிஸ்திரேட்டின் உத்தரவின்றிப் போலீஸார் புலன்விசாரணையே செய்ய இயலாது. வரப்புத் தகராறில் கையால் அடித்து உண்டான சாதாரணக் காயம் இந்த இரண்டாம் வகை. எலும்பு முறிந்துவிட்டால் அது கொடுங்காயம். முதல் வகைக்கு மாறிவிடுகிறது. மருத்துவமனையில் பெறும் காயச் சான்றுக்கு இத்துணை மதிப்பு இருப்பது இதனால்தான்.

திருட்டிலும் இத்தகைய எல்லைக்கோடு ஒன்று புதிதாக ஏற்பட்டுள்ளது. பொருளின் மதிப்பு ரூ.5,000-க்குக் குறைந்தால் அது இரண்டாம் வகையில் சேரும். ஆகவே, ‘கம்பி திருட்டுப் போயிற்று’ என்று மட்டும் எழுதாமல், எத்தனை மீட்டர், என்ன விலை, எந்தக் கடையில் வாங்கியது என்பதையும் மனுவில் குறிப்பிட வேண்டும். பட்டியல் இருப்பின் இணைக்க வேண்டும். மிகைப்படுத்தி எழுதுவது மட்டும் ஆகாது.

முதல் வகைக் குற்றமாயிருந்தும் பதிவு செய்ய மறுத்தால், மனுவின் சாரத்தை மாவட்டப் போலீஸ் சூப்பரின்டெண்டுக்குத் தபாலில் அனுப்பலாம். அதிலும் பயனில்லையேல் மாஜிஸ்திரேட்டிடம் விண்ணப்பிக்கலாம்.

கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்த வேண்டும். அதன்பின் சிறையில் வைத்தால் நீதிமன்றக் காவல். விசாரணைக்காகப் போலீஸார் வசம் ஒப்படைத்தால் போலீஸ் காவல். அப்போதும் அவர் குற்றம் சாட்டப்பட்டவரேயன்றிக் குற்றவாளி அல்லர். ஊரில் இவ்வேறுபாட்டை யாரும் பாராட்டுவதில்லை. தீர்ப்புக்கு முன்பே குடும்பத்தை ஒதுக்கிவிடுகிறார்கள். ஜாமீனில் விடக்கூடிய குற்றமாயின் ஜாமீன் அவருடைய உரிமை. மற்றவற்றில் அது நீதிமன்றத்தின் விருப்புரிமை. எனினும் 60 நாட்களுக்குள், மரணம், ஆயுள் அல்லது பத்தாண்டும் அதற்கு மேலும் தண்டிக்கத்தக்க குற்றங்களில் 90 நாட்களுக்குள், குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிடில், காவலிலிருப்பவர் ஜாமீன் கொடுத்து வெளிவர உரிமை பெறுகிறார்.

தண்டனையில் வெறுங்காவல், கடுங்காவல் என இரண்டுண்டு. கடுங்காவலாயின் சிறையில் உழைத்தாக வேண்டும். 1908-இல் தண்டனை பெற்ற வ. உ. சிதம்பரனார் கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தது நாம் அறிந்ததே. மாடு பூட்ட வேண்டிய செக்கில் மனிதரைப் பூட்டிய காலம் அது.

‘ஊரிலேயே பேசி முடித்துவிடலாமே’ என்று அங்கத்தினர்கள் கேட்பதுண்டு. சாதாரணக் காயம், திருட்டு முதலிய சிலவற்றைப் பாதிக்கப்பட்டவரே சமரசம் செய்துகொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. கொலை, கற்பழிப்பு போன்றவற்றில் ராஜி என்ற பேச்சுக்கே இடமில்லை. குற்றத்தை விசாரித்து அபராதம் விதிக்கும் அதிகாரமும் நம் ஊராட்சிகளுக்குக் கிடையாது.

வக்கீல் வைக்க வசதியில்லாதோர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், காவலில் இருப்போர் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவச உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.