மலையிறக்கத்தில் மிதிவண்டி: ஹாரியட் மலை கற்பிக்கும் பாடம்

சிவந்த நிற 20 ரூபாய்த் தாளின் பின்புறத்தில் தென்னைகளும் கடலும் கூடிய ஒரு காட்சியைக் கண்டிருப்போம். அது அந்தமானின் ஹாரியட் மலையையும் போர்ட் பிளேர் கலங்கரை விளக்கத்தையும் சார்ந்தது. 2021-இல் இம்மலைக்கு மணிப்பூர் மலை என்றும், 2024-இல் நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்றும் பெயர் மாற்றப்பட்டன. நகரின் சாத்தம் துறையிலிருந்து வாகனப் படகில் பாம்பூ பிளாட் சென்றால், அங்கிருந்து மலைக்குச் சாலை உண்டு.

மலையின் உயரம் 400 மீட்டருக்குச் சற்றுக் குறைவே. அதனால் மிதிவண்டியில் இறங்குவது எளிதென்று நாங்களும் எண்ணினோம். வாடகை வண்டிகளின் பிரேக்குகளைச் சோதிக்காமலே புறப்பட்டோம். இறங்கும்போது நண்பர் ஒருவர் பிரேக்கை விடாமல் பிடித்தே வந்தார். ரப்பர் கருகும் நாற்றம் எழுந்தும் நாங்கள் நிற்கவில்லை. அடுத்த வளைவில் பிரேக் பிடி கைப்பிடியைத் தொட்டது, வேகம் குறையவில்லை. மலைப்பக்கத்து வடிகாலில் விழுந்த நண்பருக்கு மணிக்கட்டு முறிந்தது. மறுபக்கம் விழுந்திருந்தால் நேர்ந்திருக்கக்கூடியதை நினைக்கவே அஞ்சுகிறோம்.

உயரம் வெப்பமாகும் விதம்

மேலேறும்போது நாம் செலவிடும் உழைப்பின் ஒரு பகுதி நிலை ஆற்றலாகச் சேமிக்கப்படுகிறது. இறங்கும்போது அச்சேமிப்பு முழுவதும் வெளிப்பட்டே தீரும். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோகிராம், இறக்கம் 380 மீட்டர் எனக் கொண்டால், அது ஏறத்தாழ 3 லட்சம் ஜூல். ஒரு லிட்டர் நீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய இவ்வளவு ஆற்றலே தேவை. ஒரு பகுதியைக் காற்று ஏற்கும். எஞ்சியதைச் சிறிய பிரேக் கட்டைகளும் சக்கர வளையங்களும் தாங்க வேண்டும். பிரேக்கை இடைவிடாது பிடித்தால் அவை ஆறுவதற்கு நேரமே இராது. வளையம் மிகுதியாகச் சூடேறினால் டியூப் வெடிப்பதும் உண்டு.

வேகத்தைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் 40 ஆக உயர்ந்தால், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்கத் தேவையான தொலைவு இரு மடங்கன்று, நான்கு மடங்காகும்.

கைக்கொள்ள வேண்டியவை

1. ஏறுவதற்கு முன்பே இரு பிரேக்குகளையும் முழுமையாக அழுத்திப் பார்க்க வேண்டும். கட்டை தேய்ந்திருந்தால் வேறு வண்டி கேட்பதே முறை. தலைக்கவசம் கட்டாயம்.

2. வளைவுக்கு முன்னுள்ள நேர்ச்சாலையிலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்கும்.

3. இறக்கத்தில் எடை முன்சக்கரத்தில் சாய்வதால் முன்பிரேக்கே வலியது. அதைத் திடீரென அழுத்தினால் ஆள் தலைகுப்புற விழ நேரிடும். உடலைப் பின்னுக்குத் தள்ளி, இரண்டையும் படிப்படியாக அழுத்துதல் நன்று.

4. பாதி வழியில் நின்று வளையங்களை ஆறவிட வேண்டும். சூடான வளையத்தை விரலால் தொடலாகாது.

5. அந்தமானில் மே முதல் டிசம்பர் வரை மழையை எதிர்பார்க்கலாம். ஈர இலைகளும் பாசியும் படிந்த சாலையில் இறங்கி வண்டியைத் தள்ளிச் செல்வது இழுக்கன்று.

6. டிசம்பரில் அங்கு மாலை 5 மணியளவிலேயே கதிரவன் மறைந்துவிடும். 1872 பிப்ரவரி 8 அன்று இம்மலையில் அந்திக் காட்சி கண்டு இருளில் இறங்கிய வைஸ்ராய் மேயோ பிரபு, ஹோப் டவுன் துறையில் கொலையுண்டார் என்பது வரலாறு. இன்று அவ்வச்சம் இல்லை. ஆயினும் இருளில் சாலைக்குழி கண்ணுக்குப் புலப்படாது.

காப்பீடும் கவனமும்

விபத்து நேர்ந்தால் நகரின் பெரிய மருத்துவமனையை அடையப் படகையோ நெடிய சுற்றுச்சாலையையோ நம்ப வேண்டும். படகுக்குக் காத்திருந்த நேரத்தில்தான் செலவைப் பற்றி நாங்கள் எண்ணினோம்.

பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் 18 முதல் 70 வயதுக்குட்பட்ட வங்கிக் கணக்குடையோர் சேரலாம். ஆண்டுக்கு 20 ரூபாய் கணக்கிலிருந்து தானே பிடித்தம் செய்யப்படும். பாதுகாப்பு ஜூன் 1 முதல் மே 31 வரை. விபத்து மரணத்திற்கும் முழுமையான நிரந்தர ஊனத்திற்கும் 2 லட்சம் ரூபாயும், பகுதி நிரந்தர ஊனத்திற்கு 1 லட்சம் ரூபாயும் கிடைக்கும். ஆனால் எலும்பு முறிவுச் சிகிச்சைச் செலவை இது ஈடுசெய்யாது. அதற்கு மருத்துவக் காப்பீடு தனியாக வேண்டும்.

எந்தக் காப்பீடும் தேய்ந்த பிரேக் கட்டைக்கு ஈடாகாது. நண்பரின் கை இன்று குணமடைந்துவிட்டது. இப்போது எங்கள் குழுவில் வண்டி ஏறுமுன் முதலில் குனிந்து பிரேக்கைப் பார்ப்பவர் அவரே.