பேட்டரி மாற்றும் முன் போட வேண்டிய கணக்கு



அரிசி வாங்கினால் கையில் அள்ளி, நொய் எவ்வளவு, கல் எவ்வளவு என்று பார்க்கிறோம். மிளகு வாங்கினால் இரண்டை வாயில் போட்டுக் கடிக்கிறோம். வற்றல் மூட்டை வந்தால் அடியில் கைவிட்டு ஈரம் பார்க்கிறோம். ஆனால் பதினைந்தாயிரம் ரூபாய் கொடுத்து இன்வெர்ட்டர் பேட்டரி வாங்கும்போது மட்டும், மேலே ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். இரண்டு ஆண்டு கழித்து அது படுத்துவிட்டால், "கம்பெனி சரியில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்ததை வாங்குகிறோம்.

நாங்களும் அப்படித்தான் செய்தோம். 2012ஆம் ஆண்டின் மின்வெட்டு யாருக்கும் மறந்திருக்காது. சென்னை நீங்கலாக மற்ற மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லாமல் கடை நடத்தினோம். அந்த அவசரத்தில், பேட்டரி கிடைப்பதே அரிது என்று, விலை குறைவாகக் கிடைத்த லாரி பேட்டரி ஒன்றை இன்வெர்ட்டரில் மாட்டினோம். பதினோரு மாதத்தில் அது முடிந்தது. பிறகு நல்ல டியூபுலர் பேட்டரியாகப் பார்த்து வாங்கினோம். அதுவும் இரண்டு ஆண்டைத் தாண்டவில்லை. மூன்றாவதை வாங்கப் போகும் முன்புதான் ஒரு பழைய எலெக்ட்ரீஷியன், "ஏன் போனது என்று தெரியாமல் இன்னொன்று வாங்கினால் அதுவும் போகும்" என்றார். அவர் சொல்லிக் கொடுத்ததையும், அதன் பின் நாங்கள் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறோம்.

லாரி பேட்டரி ஏன் உதவாது?

வண்டியில் இருக்கும் பேட்டரியின் வேலை, இன்ஜினைக் கிளப்புவது. சில விநாடிகள் மிக அதிகமான மின்சாரத்தை அள்ளிக் கொடுக்க வேண்டும். வண்டி ஓடத் தொடங்கியதும் அது மறுபடி நிரம்பிவிடும். அதற்காக உள்ளே மெல்லிய ஈயத் தகடுகளை நிறைய அடுக்கியிருப்பார்கள். கடை இன்வெர்ட்டரின் வேலை நேர்மாறானது. கொஞ்சம் கொஞ்சமாக மணிக்கணக்கில் கொடுத்து, பாதிக்கு மேல் காலியாகி, பிறகு மெதுவாக நிரம்ப வேண்டும். மெல்லிய தகடு இதைத் தாங்காது. அதன் மேலுள்ள மருந்து உதிர்ந்து அடியில் சேறாகப் படிந்துவிடும்.

ஆழமாகக் காலியாகி நிரம்புவதற்கென்றே செய்யப்படுவது டீப் சைக்கிள் பேட்டரி. நம் ஊரில் அந்த வேலைக்குப் பெரிதும் பயன்படுவது டியூபுலர் வகை. இதில் மருந்தைத் தட்டையாகப் பூசாமல், ஈயக் கம்பியைச் சுற்றிக் குழாய் போன்ற உறைக்குள் அடைத்திருப்பார்கள். அதனால் உதிர்வது குறைவு. இன்வெர்ட்டருக்குத் தட்டைத் தகடு பேட்டரிகளும் விற்கிறார்கள். எப்போதாவது அரை மணி நேரம் மின்சாரம் போகும் இடத்துக்கு அவை போதும். நீண்ட நேரம் ஓட வேண்டிய கடைக்கு டியூபுலரே ஏற்றது.

முதலில், பழையது உண்மையில் போய்விட்டதா?

புதியது வாங்கப் பணம் எடுக்கும் முன் நான்கு காரியங்களைச் செய்து பாருங்கள்.

1. முனைகளைக் கழற்றிப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருப்பதை வெந்நீரில் துடைத்து, இறுக்கி முடுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். முனை தளர்ந்திருந்தாலே பேட்டரி போன மாதிரிதான் தெரியும்.

2. ஆறு மூடிகளையும் திறந்து தண்ணீர் மட்டம் பாருங்கள். தகடு வெளியே தெரிந்தால், அது மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி முழுதாக சார்ஜ் ஏற்றுங்கள். குறித்த மட்டம் வரை நிரப்புவது சார்ஜ் ஏறிய பின்புதான். முன்பே நிரப்பினால் பொங்கி வழியும். ஆசிட் ஊற்றவே கூடாது. ஆவியாகிப் போவது தண்ணீர்தான். ஆசிட் உள்ளேயே இருக்கிறது.

3. முழுதாக சார்ஜ் ஆனபின் இன்வெர்ட்டரிலிருந்து பிரித்து, சில மணி நேரம் சும்மா வைத்து, மீட்டரில் பாருங்கள். 12.6 அல்லது 12.7 வோல்ட் இருந்தால் நிரம்பியிருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான். பின்பு ஹைட்ரோமீட்டரில் ஆறு அறைகளையும் தனித்தனியே பாருங்கள். டியூபுலருக்கு 1240ஐ ஒட்டி வர வேண்டும். ஐந்து அறைகள் அப்படி இருந்து ஒன்று மட்டும் 1150 காட்டினால் அந்த அறை போய்விட்டது என்று பொருள். ஆறும் சமமாகக் குறைந்திருந்தால் பேட்டரி போகவில்லை, சார்ஜ் ஏறவில்லை. அப்போது பார்க்க வேண்டியது இன்வெர்ட்டரை.

4. கடையின் வழக்கமான விளக்கு, விசிறிகளைப் போட்டு, எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் ஓடியது அரை மணியில் நின்றால் மாற்றத்தான் வேண்டும்.

இரண்டாவது, ஏன் போனது?

எங்கள் டியூபுலர் பேட்டரி போனதற்குக் காரணம் எங்கள் கிட்டங்கியேதான். தகரக் கூரைக்குக் கீழே பரண் மேல் வைத்திருந்தோம். பேட்டரியின் ஆயுளை 27 டிகிரி வெப்பத்தை வைத்துக் கணக்கிடுவார்கள். அதற்கு மேல் பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இத்தொழிலில் உள்ள பொதுக் கணக்கு. சித்திரை வெயிலில் தகரத்தடியில் எவ்வளவு கொதிக்கும் என்பதை நாம் அறிவோம். கைக்கு எட்டாத உயரம் என்பதால் யாரும் தண்ணீரும் பார்க்கவில்லை. கம்பெனி மேல் பழி சொல்ல எங்களுக்கு வாயில்லை.

இன்னொரு காரணம், நிரம்பாமலே கிடப்பது. பேட்டரியின் ஏ.எச். எண்ணில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியரில் சார்ஜ் ஏறுவது நல்லது; 150க்கு 15. அப்படி ஏறினாலும், காலியானது நிரம்பப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் ஆகும். சிறிய இன்வெர்ட்டரில் பெரிய பேட்டரியை மாட்டினால் அது ஒரு நாளும் நிரம்பாது. குறையாகவே கிடக்கும் தகட்டில் உப்புப் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் ஏறாது. எனவே 150ஐ எடுத்துவிட்டு 200 போடப் போகிறவர்கள், தங்கள் இன்வெர்ட்டர் எத்தனை ஆம்பியர் சார்ஜ் கொடுக்கும் என்று முதலில் கேட்க வேண்டும்.

மூன்றாவது, நமக்கு எத்தனை ஏ.எச். வேண்டும்?

150 ஏ.எச். என்று ஒட்டியிருந்தால், பக்கத்தில் சிறிய எழுத்தில் சி-20 என்றோ சி-10 என்றோ இருக்கும். சி-20 என்றால், 20 மணி நேரம் ஆம்பியர் ஏழரை வீதம் எடுத்தால்தான் அந்த 150 முழுதாகக் கிடைக்கும். அதே பேட்டரியில் 40 ஆம்பியர் எடுத்தால் அந்த 150 தேறாது. வேகமாக எடுக்க எடுக்க மொத்தமே குறையும். ஒரே விலையில் இரண்டு பேட்டரி இருந்து, ஒன்றில் 150 சி-20 என்றும், மற்றதில் 150 சி-10 என்றும் இருந்தால், இரண்டாவதில் சரக்கு அதிகம்.

ஒரு நடுத்தர மளிகைக் கடைக்குக் கணக்குப் போடுவோம். பில் போடும் கம்ப்யூட்டர் 100 வாட். நான்கு எல்.இ.டி. டியூப் லைட் 80 வாட். பழைய வகை விசிறி இரண்டு 150 வாட். கேமரா 40 வாட். எடை மெஷினும் மோடமும் சேர்ந்து 30 வாட். மொத்தம் 400 வாட். இன்வெர்ட்டரில் ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று வைத்தால், பேட்டரியிலிருந்து 500 வாட் போகும். 12ஆல் வகுத்தால் 42 ஆம்பியர். இரண்டு மணி நேரத்துக்கு 84. பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்யாமல் வைத்திருந்தால் நீண்ட நாள் உழைக்கும். ஆகவே வந்த எண்ணை இரட்டிப்பாக்க வேண்டும். 168 வருகிறது. 180 ஏ.எச். வேண்டும்.

இங்கேதான் ஒரு லாபம் இருக்கிறது. அந்த இரண்டு விசிறிகளையும் 30 வாட் எடுக்கும் பி.எல்.டி.சி. விசிறிகளாக மாற்றினால் 90 வாட் குறைந்து மொத்தம் 310 வாட் ஆகும். அதே கணக்கைப் போட்டால் 130 வரும், 150 ஏ.எச். தாராளமாகப் போதும். பெரிய பேட்டரிக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை ஒவ்வொரு முறை மாற்றும்போதும் கொடுக்க வேண்டும். விசிறிக்குக் கொடுப்பது ஒரு முறைதான். மின் கட்டணமும் குறையும். ஐஸ்கிரீம் பெட்டியையும் பெரிய ஃபிரிட்ஜையும் மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். கம்ப்ரஸர் கிளம்பும்போது இழுக்கும் மின்சாரத்தைச் சிறிய இன்வெர்ட்டர் தாங்காது. அவற்றைத் திறக்காமல் மூடி வைப்பதே அந்நேரத்துக்கு நல்லது.

இப்போது அன்றாட மின்வெட்டு முன்போல் இல்லை. ஆனால் பராமரிப்புக்காக மின்வாரியம் அறிவித்து நிறுத்தும் நாளில் காலை தொடங்கிப் பல மணி நேரம் இருக்காது. அந்த ஒரு நாளுக்காகப் பேட்டரியை இரட்டிப்பாக்க வேண்டியதில்லை. கம்ப்யூட்டர், எடை மெஷின், கல்லாவுக்கு மேலே ஒரு விளக்கு, ஒரு விசிறி ஆகியவற்றைத் தனி லைனில் பிரித்துக்கொண்டு மற்றதை அணைத்துவிட்டால், அதே பேட்டரி பொழுதைத் தள்ளிவிடும்.

நான்காவது, வாங்கும் இடத்தில் பார்க்க வேண்டியவை

எடை: ஈயம்தான் பேட்டரியின் சரக்கு. ஒரே ஏ.எச். எண் போட்ட இரண்டு பேட்டரிகளில் ஒன்று பல கிலோ குறைவாக இருந்தால், ஏன் என்று கேளுங்கள். கம்பெனித் தாளில் எடை போட்டிருக்கும், ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தேதி: தயாரித்த மாதத்தையும் ஆண்டையும் பெட்டியிலோ பேட்டரி மேலோ குறித்திருப்பார்கள். கடையில் நெடுநாள் சார்ஜ் இல்லாமல் கிடந்த பேட்டரி பழைய பருப்புக்குச் சமம்.

வாரண்டி: 36+24 என்று எழுதியிருந்தால் அறுபது மாதமும் புதியது கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். முதல் 36 மாதம்தான் இலவசமாக மாற்றுவது. மீதி 24 மாதத்தில் விலையில் ஒரு கழிவு மட்டுமே கிடைக்கும். கார்டில் தேதியும் முத்திரையும் பதித்து வாங்குங்கள்.

பில்: 2025 செப்டம்பர் 22 முதல் ஈய பேட்டரிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. கடை உபயோகத்துக்கு நம் எண்ணைப் போட்டு பில் வாங்கினால் அந்த வரியை வரவு வைத்துக்கொள்ளலாம். தொகுப்பு வரித் திட்டத்தில் உள்ளவர்களுக்கு இது கிடைக்காது. பில் இல்லாமல் வாங்கினால் வரி வரவும் போகும், வாரண்டியும் போகும்.

ஜோடி: இரண்டு பேட்டரி ஓடும் 24 வோல்ட் இன்வெர்ட்டரில் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். பழையது புதியதையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விடும்.

பழைய பேட்டரி: விலையைப் பழையது கொடுத்தால் எவ்வளவு, கொடுக்காவிட்டால் எவ்வளவு என்று தனித்தனியே கேளுங்கள். பழையதை நம் தராசிலேயே எடை போட்டுக் கொடுங்கள். ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டிவிட்டுத் தெருவில் வருபவரிடம் போட வேண்டாம். ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் நஞ்சு. பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை 2022ஆம் ஆண்டு விதிகள் தயாரிப்பாளர் மேல் வைத்திருக்கின்றன.

லித்தியம் வாங்கலாமா?

எடை குறைவு, தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, பாதிக்கு மேல் காலி செய்தாலும் தாங்கும், சீக்கிரம் நிரம்பும். விலைதான் அதிகம். தினமும் மணிக்கணக்கில் பயன்படுத்துபவருக்குக் கட்டுபடியாகும். மாதம் ஒரு நாள் பயன்படுத்துபவருக்கு ஈய பேட்டரியே போதும். ஒன்றை மறக்கக் கூடாது. பழைய இன்வெர்ட்டரின் சார்ஜ் முறை ஈயத்துக்காக அமைந்தது. லித்தியத்துக்கு ஏற்றதா என்று கேட்காமல் மாட்டக் கூடாது.

வைக்கும் இடம்

சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிவரும். அது தீப்பொறி பட்டால் வெடிக்கும் வாயு. கற்பூரம், தீப்பெட்டி, எண்ணெய் டின் இருக்கும் அறையில், கதவை மூடி, பேட்டரி வைப்பது நாமே வைத்துக்கொள்ளும் ஆபத்து. காற்றோட்டமுள்ள, வெயில் படாத, கைக்கு எட்டும் இடமாக இருக்கட்டும். மூடி திறக்கும்போது ஊதுபத்தி கூட அருகில் வேண்டாம். முனைகளைத் தொடும் முன் மோதிரத்தையும் கைச்சங்கிலியையும் கழற்றிவிடுங்கள்.

இப்போது எங்கள் கடையில் பேட்டரி தரைத்தளத்தில் நிழலில் இருக்கிறது. மாதத்தின் முதல் தேதி கணக்குப் பார்க்கும்போதே மூடி திறந்து தண்ணீர் மட்டமும் பார்த்து, சுவரில் தொங்கும் காலண்டரில் குறித்துவிடுகிறோம். மின்சாரம் போகாத மாதத்தில் நாங்களே ஒரு மணி நேரம் மெயினை அணைத்து ஓட்டுகிறோம். மூன்றாவதாக வாங்கிய பேட்டரி ஆறு ஆண்டுக்கு மேல் உழைத்தது. முதல் இரண்டும் சேர்ந்தே மூன்று ஆண்டு கூட ஓடவில்லை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது பெரியவர்கள் வாக்கு. சரக்கை அளந்து வாங்கத் தெரிந்த நமக்குப் பேட்டரியையும் அளந்து வாங்குவது பெரிய வித்தையல்ல. அடுத்த முறை உங்கள் இன்வெர்ட்டர் கூவினால், கடைக்கு ஓடும் முன் மூடியைத் திறந்து பாருங்கள்.