அலகு தப்பினால் அளவும் தப்பும்

மோல், அலகு மாற்றம், முக்கிய எண்ணுரு எல்லாம் பரீட்சைக்கு மட்டுந்தான் என்று முதலாண்டில் நானும் நினைத்தவன்தான். அந்த நினைப்பை மாற்றியது எங்க வீட்டு போர்வெல் தண்ணீர்.

அன்னூர் பக்கம் எங்கள் வீடு. கடினத்தன்மை சோதனைக்காக ஒரு பாட்டில் தண்ணீரை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். பிப்பெட்டால் 50.0 மி.லி. எடுத்து, பஃபர் கரைசலும் எரியோக்ரோம் பிளாக் டி-யும் சேர்த்தேன். பியூரெட்டில் 0.0100 மோலார் ஈ.டி.டி.ஏ. சிவப்பு நிறம் நீலமானபோது 32.4 மி.லி. செலவாகியிருந்தது. "லிட்டருக்கு 32.4 மி.கி." என்று விடை எழுதினேன். வீட்டுக்கு வந்து, "அம்மிச்சி, நம்ம தண்ணி சிறுவாணிக்குச் சமம்!" என்று பெருமையடித்தேன்.

அம்மிச்சி சிரித்தார். "அதெப்படி கண்ணு? பருப்பு வேக மாட்டேங்குது, சோப்பு நுரைக்க மாட்டேங்குது. உன்ற கணக்கை மறுக்காப் போட்டுப் பாரு."

போட்டேன்:

1. 32.4 மி.லி. = 0.0324 லிட்டர்.

2. 0.0324 × 0.0100 = 0.000324 மோல் ஈ.டி.டி.ஏ. ஒரு மோல் ஈ.டி.டி.ஏ. ஒரு மோல் கால்சியத்தையோ மக்னீசியத்தையோ பிடிக்கும். ஆகவே கால்சியம் கார்பனேட் கணக்கிலும் அதே 0.000324 மோல்தான்.

3. ஒரு மோல் கால்சியம் கார்பனேட் 100.09 கிராம். பெருக்கினால் 0.03242916 கிராம், அதாவது 32.42916 மி.கி.

4. இது 50.0 மி.லி.யில் உள்ளது. ஒரு லிட்டருக்கு 20 மடங்கு!

இந்த நாலாவது படியைத்தான் நான் விழுங்கியிருந்தேன்.

கால்குலேட்டர் 648.5832 என்று காட்டியது. அத்தனை இலக்கத்தையும் எழுதலாமா? கூடாது. நாம் அளந்தவை 32.4, 50.0, 0.0100, மூன்றிலும் மூன்று முக்கிய எண்ணுருக்களே. ஆகவே விடை 649 மி.கி./லிட்டர். நடுவிலேயே 32.4 என்று வெட்டியிருந்தால் 648 வந்திருக்கும். கடைசியில்தான் முழுமையாக்க வேண்டும்.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் கடினத்தன்மைக்கு ஏற்கத்தக்க அளவு 200. வேறு நீர் இல்லாதபோது 600 வரை. எங்கள் தண்ணீர் அதையும் தாண்டியது. இப்போது சமையலுக்குப் பொதுக்குழாய்த் தண்ணீர்தான்.

இதே கணக்குத்தான் நொய்யலிலும். கழிவுநீரில் கரைந்த உப்புக்கு வரம்பு லிட்டருக்கு 2100 மி.கி. ஆனால் பருத்தித் துணிக்கு அடர்ந்த சாயம் ஏற்றும்போது லிட்டருக்கு 60 கிராம் உப்புகூடப் போடுவார்கள். "60 தானே, 2100க்குள்தானே" என்று தோன்றும். மில்லிகிராமாக மாற்றுங்கள்: 60,000! வரம்பைப்போல் ஏறத்தாழ 29 மடங்கு. சுத்திகரிக்காமல் விட்டால் ஆறு என்ன ஆகும்? 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டதன் பின்னால் இந்த உப்புக் கணக்கு இருந்தது.

நண்பர்களே, எண் பாதி விடை. அலகு மீதிப் பாதி. விடை எழுதியதும், "அம்மிச்சி இதை நம்புவாரா?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.