பதில் வருமுன்னே சேமியுங்கள்

கேள்வி: பேருந்து நேரம் காட்டும் வலைப்பக்கம் ஒன்றை எழுதுகிறேன். நிறுத்தத்தைத் தட்டினால் சர்வர் பதில் தர நாலைந்து விநாடி ஆகிறது. வந்ததைச் சேமித்தும், ஒரே கோரிக்கை இரண்டு மூன்று தடவை போகிறதே?
— கல்லூரி மாணவர், திருவேற்காடு

பதில்: பதில் வந்த பிறகுதானே சேமிக்கிறீர்கள்? அந்த நாலு விநாடிக்குள் மறுபடி தட்டினால் கேஷ் காலியாகத்தான் இருக்கும். திரும்பவும் சர்வருக்கு ஓடும். கோரிக்கை புறப்பட்ட கணமே கையில் கிடைக்கும் பிராமிஸை ஒரு மேப்பில் சேமியுங்கள். ஆவடி, பூந்தமல்லி என்று நிறுத்தத்தின் பெயரே சாவி. அடுத்த தட்டலுக்கும் அதே பிராமிஸைக் கொடுங்கள். 2015 முதல் பிராமிஸும் மேப்பும் ஜாவாஸ்கிரிப்ட் தரத்திலேயே இருக்கின்றன. தனி லைப்ரரி வேண்டாம்.

பலரும் கோட்டை விடுவது இங்கேதான்: கோரிக்கை தோற்றால் அந்தச் சாவியை உடனே நீக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு நொடி நெட் போனதற்கு, பக்கத்தை மூடும்வரை பிழையே வரும்.

சேமித்ததை எவ்வளவு நேரம் வைத்திருப்பது? கால அட்டவணையை ஒரு நாள்கூட வைத்திருக்கலாம். பேருந்து இப்போது எங்கே வருகிறது என்பதற்கு அரை நிமிடமே அதிகம். பழையதை உடனே காட்டி, பின்னணியில் புதியதை எடுக்கும் முறையை 2010-இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 5861 வகுத்திருக்கிறது. அப்படிச் செய்தால், எத்தனை மணிக்கு எடுத்த தகவல் என்று பக்கத்திலேயே போடுங்கள். ஆடி ஞாயிறு உங்கள் ஊர்க் கருமாரியம்மன் கோயில் கூட்டத்தில், குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்பவர் அதை நம்பித்தான் காத்திருப்பார்.