வியாபாரி வீட்டில் பிறந்த ஆசிரியர்



கோலாலம்பூரில் முன்ஷி அப்துல்லா பெயரால் ஒரு சாலை உண்டு. மஸ்ஜித் இந்தியா பக்கம் சரக்கு எடுக்க வருகிறவர்கள் அவ்வழியே போய் வந்திருப்பார்கள். மலாக்காவிலும் அதே பெயரில் ஒரு சாலை இருக்கிறது. அந்தப் பெயருக்குரியவர் யார், அவருக்கும் நமக்கும் என்ன உறவு என்று கேட்டால் பதில் சொல்பவர்கள் நம்மில் குறைவு. ஆகவே இம்மாதப் பாடம் அவரைப் பற்றியதாகும்.

அப்துல்லா பின் அப்துல் காதிர் 1796-ஆம் ஆண்டில் மலாக்காவின் கம்போங் பாலியில் பிறந்தார். அவருடைய பாட்டனாரின் தகப்பனார் எமன் நாட்டு அரபி. மார்க்கமும் மொழியும் போதித்தவர். அவர் நாகூரில் தங்கி ஒரு தமிழ்ப் பெண்ணை நிக்காஹ் செய்தார். அவருடைய மகன் மலாக்காவுக்கு வந்து குடும்பம் அமைத்தார். அந்த வழியில் வந்த தகப்பனார் அப்துல் காதிர் வியாபாரி. மலாக்காவின் உட்பகுதிகளுக்குச் சரக்குக் கொண்டு போவார். போன இடத்தில் மக்களுக்கு ஓதியும் கொடுப்பார். பாட்டியார் வீட்டில் சுமார் 200 பிள்ளைகள் குர்ஆன் ஓதினார்கள். ஆக, வியாபாரமும் ஓதலும் ஒரே கூரையின் கீழ் நடந்த குடும்பம் அது.

குர்ஆன் ஓதி முடித்த அப்துல்லாவைத் தகப்பனார் தமிழ் படிக்க அனுப்பினார். இரண்டரை வருஷம் படித்ததாக அவரே எழுதி வைத்திருக்கிறார். காரணத்தையும் சொல்கிறார்: அக்காலத்தில் மலாக்காவில் நம்மவர் வியாபாரம் செழித்திருந்தது; கணக்குக்கும் பேச்சுக்கும் தமிழ் வேண்டியிருந்தது; வசதியுள்ளவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பது ஊர் வழக்கமாகவே இருந்தது. நம் பேரேட்டு மொழியை அடுத்தவர்களும் தேடி வந்து படித்த காலம் அது!

தகப்பனார் கண்டிப்பானவர். பிள்ளையை முகத்துக்கு நேரே புகழ மாட்டார். ஒரு நாள் அவர் வீட்டில் இல்லாத சமயம், கப்பல் தலைவர் ஒருவர் கடன் பத்திரம் எழுதிக்கொள்ள வந்தார். சிறுவன் அப்துல்லாவே எழுதிக் கொடுத்துக் கூலியும் பெற்றான். தகப்பனார் வந்து பார்த்துக் குறை சொல்லவில்லை. இனி இவ்வேலை உன்னுடையது என்று விட்டுவிட்டார். மனத்தில் இருந்த பூரிப்பை அன்றிரவு மனைவியிடம்தான் சொன்னார்.

பிறகு கோட்டையிலிருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு அப்துல்லா ஓதிக் கொடுத்தார். அவர்கள்தாம் இவரை 'முன்ஷி', அதாவது ஆசிரியர், என்று அழைத்தார்கள். அப்பெயரே நிலைத்தது. 1810-ஆம் ஆண்டு மலாக்காவுக்கு வந்த ராபிள்ஸ் துரையிடம், எழுத்தர்களில் வயதில் மிகச் சிறியவராக வேலை பார்த்தார். அதன் பின் பாதிரிமாருக்கும் ஆங்கில அதிகாரிகளுக்கும் வியாபாரிகளுக்கும் மலாய் கற்றுக் கொடுப்பதே அவர் ஜீவனமாயிற்று. கற்றுக் கொடுத்துக்கொண்டே தாமும் ஆங்கிலம் கற்றார்; அச்சுத் தொழிலும் கற்றார். பாதிரிமாரோடு பழகியதற்காக ஊரார் 'அப்துல்லா பாதிரி' என்று கேலி பேசியதும் உண்டு. அவர் மார்க்கத்தை விடவில்லை. 1854-இல் ஹஜ்ஜை நாடிப் புறப்பட்டு, ஹிஜாஸ் மண்ணிலேயே மௌத்தானார்.

குடும்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல வருஷம் அவருக்கு வேலை சிங்கப்பூரில், வீடு மலாக்காவில். நம் பெரியவர்கள் மனைவி மக்களை ஊரில் விட்டு இங்கே கடையில் படுத்துறங்கிய வாழ்க்கைதான் அதுவும். அவருடைய சிறு மகள் சித்தி லைலா மௌத்தானபோது, மனைவி அழுதபடியே இருந்தார். அவர் மனம் ஆற வேண்டும் என்று முன்ஷி ஒரு நூலே எழுதினார். 'இதயங்களுக்கு மருந்து' என்பது அதன் பெயருக்குப் பொருள். காசுக்காகப் பிறருக்கு எழுதிய கை, வீட்டில் அழுதவருக்காகவும் எழுதியது. அவருடைய மகன் முகம்மது இப்ராகீம், பிற்காலத்தில் ஜோகூர் சுல்தான் அபூபக்கரிடம் உத்தியோகம் பார்த்தார்.

தம் சரித்திரத்தை 'ஹிக்காயத் அப்துல்லா' என்று 1843-இல் எழுதி முடித்தார். 1849-இல் அது அச்சாகியது. அதிலே அவருக்கு ஒரு மனக்குறை. அந்நியர்கள் சம்பளம் கொடுத்து மலாய் கற்கிறார்களே, அம்மொழிக்குச் சொந்தக்காரர்கள் கற்காமல் இருக்கிறார்களே என்று வருந்துகிறார்.

சகோதரர்களே! அந்த வருத்தம் இன்று நம் வீட்டு வாசலில் நிற்கிறது. நம் பிள்ளைகள் மலாயும் ஆங்கிலமும் நன்றாகப் பேசுகிறார்கள், மகிழ்ச்சிதான். ஆனால் வாப்பா தமிழில் எழுதிய சரக்குப் பட்டியலைக் கையில் கொடுத்தால் எத்தனை பிள்ளைகள் வாசிப்பார்கள்? பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கடை வைத்திருப்பவர்கள் தங்கள் வீட்டில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். முன்ஷி இந்நாட்டு மொழியை எல்லாரும் மெச்சக் கற்றார். அதற்காகத் தமிழை விட வேண்டியிருக்கவில்லை. இரண்டுக்கும் அவருடைய தகப்பனார் நேரம் ஒதுக்கிக் கொடுத்தார்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வியாபாரம் மந்தமானால் கடை வாடகையைக் குறைக்க முடியாது. மின்சாரக் கட்டணத்தைத் தள்ளிப்போட முடியாது. பிள்ளைக்கு ஓதிக் கொடுக்கும் உஸ்தாதின் சம்பளத்தைத்தான் 'அடுத்த மாதம் பார்ப்போம்' என்கிறோம். அவர் வாய் திறந்து கேட்க மாட்டார் என்பது நமக்குத் தெரியும். அவருக்கும் வீடு உண்டு, மனைவி மக்கள் உண்டு, அரிசிக் கடையில் பாக்கி உண்டு. அந்தக் கடை நம்முடையதாகவும் இருக்கலாம்.

இந்த மாதக் கணக்கை முடிக்கும்போது, ஆசிரியருக்குச் சேர வேண்டியதை முதல் வரியில் எழுதுங்கள். வாரத்தில் ஒரு மாலை கல்லாவை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பக்கம் தமிழ் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அப்துல் காதிரும் நம்மைப் போல் சரக்குச் சுமந்த வியாபாரிதான்.

வல்ல அல்லாஹ் நம் உஸ்தாதுமார்களுக்கும், நம் பிள்ளைகளின் கல்விக்கும் பரக்கத் செய்வானாக! ஆமீன்.